பதில் தட்டு

கத்திரி வெயிலில் தார்ச்சாலை செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில், தலைக்கு வைக்கச் சண்முகப்பிரியா எடுத்த பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. குலுக்கினாள். அசையவில்லை. மார்கழி விடியற்காலையில்கூட நெய்வேலியில் எண்ணெய் இப்படி இறுகிப் போவதில்லை. சமையலறைச் சுவரோரம் பாட்டில் இருந்த இடத்தை உள்ளங்காலால் தொட்டாள். ஈரமில்லை. ஆனால் கால் தானாகச் சுருங்கி இழுத்துக்கொண்டது.

முறம் இரவல் கேட்டு வந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனம் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன்க்கா, பிளாக் பூரா வெந்துகினு கெடக்குது, உன் வூட்ல மட்டும் ஊட்டியா? சொல்லு, பாயச் சுருட்டிகினு நானும் வந்துடறேன்."

"வா வா. வாடகை மட்டும் குடுத்துடு," என்று பிரியாவும் சிரித்து வைத்தாள்.

குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன பேர் கிடைக்கும் என்பதும் தெரியும்.

அவள் புருஷன் அறிவழகன் லடாக்கில், எல்லையோரம் சாலை போடும் வேலையில் இருந்தவன். தை மாதம் பனி சரிந்தது. கூட இருந்தவர்கள் எப்படியோ வெளியே வந்தார்கள். அவன் மட்டும் அகப்படவில்லை. பனி உருகினால் பார்க்கலாம் என்று தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் இல்லாததால் காரியம் நடக்கவில்லை. தாலி அவள் கழுத்திலேயே இருந்தது.

அந்த வேலையில் ஆசை மூட்டியது மாமனார் கொளஞ்சிநாதன். சுரங்கத்துக்கு நிலம் போனபிறகு, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த இந்தப் பக்கத்து ஆட்களோடு வடக்கே ரயிலேறிய முதல் கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே மரம் கிடையாது, வழி கிடையாது, ஊர் என்று சொல்ல ஒரு குடிசை கிடையாது. கழுதையே காலெடுத்து வைக்கத் தயங்கிய மலைவிளிம்பில் கூடாரமடித்து, உறைந்த ரொட்டியை ஸ்டவ்வில் காட்டித் தின்று, பாறையைப் பிளந்து, முதல் லாரி போக வழி செய்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சரிவில் புதைந்தவன் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு கீழிருந்து தட்டுவான். மேலே இருப்பவன் மண்வெட்டிக் காம்பால் பதில் தட்டவேண்டும். பதில் கேட்கிறவரை புதைந்தவன் உயிரை விடமாட்டான். இனித் தோண்டி எடுக்க முடியாது என்று ஆகிவிட்டால் மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வார்: "கையக் கட்டு." எல்லோரும் மண்வெட்டியைக் கீழே போட்டுக் கைகட்டி நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே ஓசை ஓயும். அப்படித்தான் ஆட்களை அனுப்பிவைத்தார்கள்.

அறிவழகன் இதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தான். லீவில் வந்தால், குளித்துவிட்டு உள்ளேயிருந்து கதவைத் தட்டுவான். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக. அவள் பதில் தட்டிவிட்டுத்தான் துண்டை நீட்டவேண்டும்.

பங்குனியில் ஒருநாள், விளக்கேற்றும் நேரம், சமையலறைத் தரைக்கு அடியில் அது கேட்டது. சுரங்கத்து எந்திரங்களின் அதிர்வு சுவரில் எப்போதும் இருப்பதுதான். அதோடு பிறந்து வளர்ந்த காது அவளுடையது. இது வேறு. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக. அவள் யோசிக்கவில்லை. கையிலிருந்த கரண்டிக் காம்பால் பதில் தட்டிவிட்டாள். அதன்பிறகு ஒரு மாலைகூடத் தவறவில்லை. குளிர் ஒவ்வொரு கல்லாகக் கூடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

எண்ணெய் உறைந்த அன்று சாயங்காலம் மாமனார் கூப்பிட்டார்.

"பிரியா, இங்க வாம்மா."

கூடத்தில் குத்துக்காலிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்திருந்தார்.

"நீதான் பதில் தட்டிகினு இருக்கியா?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கெழவனுக்குக் காது போயிட்ச்சின்னு நெனச்சியா? இதுக்குக் காது எதுக்கு, கை போதும்."

"அவுருதாங்க மாமா. உயிரோட இருக்காரு."

"தைலேர்ந்தா?" உள்ளங்கையால் தரையைத் தடவினார். "சோறு தண்ணி இல்லாம, பொரண்டு படுக்க எடமில்லாம, தைலேர்ந்து அங்க இன்னாம்மா பண்ணிகினு இருப்பான்? நீ தட்டுறியேன்னு கெடக்கறான். யாரும் தோண்டப் போறதில்ல. கையக் கட்டும்மா."

"அவுரு உங்க புள்ளைங்க மாமா."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டினாள். நகம் தோளில் இறங்கியது. ஜன்னலில் வெளிச்சம் சிவந்து, பழுத்து, சாம்பலானது. மண்ணெண்ணெயும் நனைந்த கம்பளியும் சேர்ந்த ஒரு வாடை, இந்த வீட்டில் எப்போதும் இருந்திராத வாடை, தரையின் இடுக்குகளிலிருந்து மெல்ல ஏறியது.

பிறகு ஓசை வந்தது.

இரண்டு வேகமாக. ஒன்று தாமதமாக.

காத்திருந்தது. மறுபடி தட்டியது, பலமாக. கரண்டி எங்கே என்று கேட்பதுபோல. அவள் நெற்றியை முழங்காலில் அழுத்தினாள். தட்டல் நகர்ந்தது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு. அவளைத் தேடி. நேராக அவள் காலடிக்கு.

தட்டியது. பிராண்டியது. தட்டியது.

மெலிந்தது.

இரண்டு. ஒன்று வரவில்லை.

ஒன்று.

அவள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். அவரும் கைகட்டித்தான் உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் பிடியிலிருந்து நழுவி, யாருடைய கையோ போலத் தரைக்கு இறங்கியது.

"மாமா, வேணாங்க."

"ஒரே ஒரு தபா," என்றார். "அப்பன் இருக்கேன்னு மட்டும்."

தட்டினார்.

கீழிருந்து பதில் பாய்ந்து வந்தது. குழந்தை ஓடிவருவதுபோல, தடுக்கி, மூச்சுவாங்கி. அவர் சிரித்தார். கண்ணீர் மூக்குநுனியில் நின்றது.

பீரோவுக்கு அடியில் இன்னொன்று தட்டியது.

வேறு தாளம். வேறு கை. நிதானமான, பழைய கை.

"எங்க கூடாரத்துக் குழந்தைவேலு," என்றார் மாமனார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

படுக்கையறையில் ஒன்று. வாசற்படியில் ஒன்று.

"துரைராஜு. அய்யோ, நாங்க கையக் கட்டிட்டோமேடா. போயிட்டீங்கன்னு இல்ல நெனச்சோம்."

அவர் தவழ்ந்தார். பீரோவுக்கு ஒரு தட்டு. வாசலுக்கு ஒரு தட்டு. விரல்முட்டி கிழிந்தது. "வர்றோம்டா. வந்துகினே இருக்கோம்." ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து வெள்ளைப் புகை. வெளியே தனத்தின் பிள்ளைகள் சைக்கிள் மணியடித்தபடி போனார்கள்.

அவர் ஒருவரால் முடியவில்லை. ஓர் இடத்துக்குப் போனால் இன்னோர் இடத்தில் ஓசை கெஞ்சியது. அவளுடைய காலடியில் பதில் இல்லை. அங்கே தட்டல் மறுபடி மங்கியது.

இரண்டு.

ஒன்று.

சண்முகப்பிரியா கைகளை அவிழ்த்தாள். மண்டியிட்டாள்.

கூடத்தின் தரை முழுக்க உப்பு பூத்ததுபோல் வெண்பனி. அதன்மேல் கிழவர் ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில், தலை நிமிராமல், தட்டிக்கொண்டே இருந்தார்கள். கீழே தட்டுகிற கைகள் கூடிக்கொண்டே போயின.