பதினொரு நிமிடம்

தூத்துக்குடி இணைப்பு நிலையத்தில் யாரும் காத்திருப்பதில்லை. கேள்வியைக் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போவார்கள், துணி துவைக்கப் போவார்கள். பதில் வந்ததும் மணிக்கட்டில் கட்டிய வில்லை அதிரும். நின்ற இடத்திலேயே கேட்டுக்கொள்வார்கள்.

சனிக்கோளின் டைட்டன் நிலவில் குடியேறியவர்கள், ஊருக்குச் சொல்ல வேண்டியதை அங்குள்ள தரவுத்தளத்தில் பேசி வைப்பார்கள். இங்கிருந்து கேட்டால், கேள்வி போய் அது வந்து சேர இரண்டே முக்கால் மணி நேரம். பழைய மென்பொருள் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வேறெதையும் தொடாமல் நின்றது. நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா எழுதிய புது மென்பொருளான ஒத்திசையா இணைப்பி மிக இலேசானது. கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அப்படியும் கூட்டம் தாங்கவில்லை. குடும்பத்துக்கு ஆண்டில் ஒரே முறைதான்.

'அடுத்த கப்பலில் நான் வரட்டுமா?' என்று போன ஆண்டு தன் முறையில் ஜெசிந்தா, டைட்டனில் இருக்கும் கணவன் ரெமிஜியுஸுக்கு எழுதி வைத்திருந்தாள். இன்று பதிலை எடுக்கும் நாள். கப்பலில் இடத்தை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்கடுத்த கப்பல் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

மூன்று மணிக்கு, உடன் வேலை பார்க்கும் மிக்கேல் கூப்பிட்டான்.

"யக்கா, இது ஒங்க நம்பர்தானே?"

திரையில் ஒரே வரி. பதில் வந்தது, நீளம் பதினொரு நிமிடம், பெறுவார் இல்லை, கைவிடப்பட்டது.

மற்றவர்களின் கேள்விகள் படிவத்தின் வழியே போகும். தன்னுடையதை நண்பகலில் அவளே நிரலாக அடித்திருந்தாள், நான்கு வரி. 'பொறு' என்ற கட்டளையை எழுதினால்தான் பதில் யாரிடம் போக வேண்டும் என்பது இணைப்பிக்கு நினைவிருக்கும். அவள் அதை எழுதவில்லை.

"புதுசா வாரவனுவள இதுக்குத்தானக்கா அந்த ஏச்சு ஏசுவீய!"

"நீயும் ஏசு. நல்லா ஏசு."

அவன் குரலைத் தணித்தான். "யார் முறையிலயாவது சொருகி இன்னொருக்கா கேட்டுருவமா?"

"இப்ப அனுப்பினா அஞ்சே முக்காலுக்குத்தான் வரும் மிக்கேலு."

சன்னலுக்கு வெளியே உப்புக்காற்றில் அலைவாங்கித் தட்டு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பதினொரு நிமிசம்... அண்ணன் நல்லா வாயடிப்பாவளோ?"

"அவுகளா? கல்யாணத்தன்னிக்கு மொத்தம் மூணு வார்த்த. அதுல ஒண்ணு 'தண்ணி'."

சிரிக்கத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்த நீளம் உறைத்தது. வா என்பதற்கு ஒரு நொடி போதும். வராதே என்பதற்கும் அவ்வளவுதான். நாள் முழுக்க ஒரே அறையில் இருந்தும் பேசாத மனிதர், யாருமில்லாத குளிரில் உட்கார்ந்து பதினொரு நிமிடம் என்ன சொல்லியிருப்பார்? மன்னிப்பா? நோயா? வேறொருத்தியின் பெயரா? அத்தனையும் டைட்டனில் பத்திரமாக இருக்கிறது. இங்கே வந்த பிரதிதான் வாங்க ஆளின்றி அழிந்தது.

நான்கரைக்குப் பயணப் பக்கத்தைத் திறந்தாள்.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா, யக்கா?"

"அவுக வாயால சொல்லட்டும். எதுக்க ஒக்காந்து கேக்கேன்."

"அங்க போற கப்பல் எதுவும் திரும்பி வராது."

"தெரியும்ல."

உறுதிப் பொத்தானை அழுத்தினாள். ஆறு ஆண்டுப் பயணம், முழுவதும் உறக்கத்தில். அந்த உறக்கத்தில் கனவு வருமா என்று மட்டும் மிக்கேலிடம் கேட்டாள்.