செப்பேடும் முதல் வாயும்

“டார்ச்சை மேலே அடிக்காதீங்க! வௌவாலெல்லாம் கலைஞ்சிடும்!”

உமையாள் அதட்டியதும் சேது கையைத் தாழ்த்தினான்.

ஏழுகுகை மலைக்குள் இருவரும் நுழைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வௌவால் கணக்கெடுக்கக் காரைக்குடியிலிருந்து வந்தவள் உமையாள். குகையின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சேதுவை அன்றுதான் அடிவாரத்தில் பார்த்தாள். ஜமீன் வீட்டு டிரைவர் என்றான். உள்ளே இருக்கும் பழைய செப்பேட்டை எடுக்க வழிகாட்டச் சொல்லிக் கெஞ்சினான். மலை ஊராருக்கே சொந்தம் என்று அதில் பொறித்திருக்கிறதாம். மாலை நான்கு மணிக்குக் கோட்டாட்சியர் விசாரணை. அதற்குள் செப்பேடு போய்ச் சேராவிட்டால், ஜமீனைக் கவனிக்கும் வீரபத்திரர் மலையைக் கல்குவாரிக்கு விற்றுவிடுவார்.

மலை போனால் வௌவால்களும் போச்சு. அதற்காகத்தான் வந்தாள். அதற்காக மட்டும்தான் என்று தனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

நடந்துகொண்டே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவள் ஒரு வாய் தின்னும்வரை அவன் தொடவில்லை. தண்ணீரும் அப்படித்தான். என்ன மரியாதை! அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

“டிரைவர் சார், வெரசா வாங்க. மணி ரெண்டு!”

கடைசி அறையின் பாறை இடுக்கில் இரும்புப் பெட்டி! சேது கழுத்துச் சங்கிலியை இழுத்து, அதில் தொங்கிய சாவியைப் பூட்டில் போட்டான். திறந்தது. உள்ளே செப்பேடு.

“டிரைவர் கழுத்துல ஜமீன் சாவியா?”

அவன் சங்கிலியைச் சட்டைக்குள் திணித்தான். “வீரபத்திரர் என் சித்தப்பா. நான்தான்... ஜமீன் வாரிசு. சொல்லியிருந்தா கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்க. இப்படித் திட்டமாட்டீங்க.”

அவளுக்கு இட்லி நினைவுக்கு வந்தது. “அப்போ அந்த முதல் வாய்? விஷம் இருக்கான்னு என்னை வச்சுப் பாத்தீங்களா?”

“ஐயோ, இல்லீங்க! சின்ன வயசுலேருந்து சமையக்காரர் தின்னு காட்டுனப்புறம்தான் எனக்குத் தட்டு வரும். பழகிப்போச்சு. நானே கவனிக்கல.”

“நல்ல பழக்கம்!” செப்பேட்டைப் பிடுங்கி முதுகுப்பைக்குள் திணித்தாள்.

தடதடவென்று பாறைகள் சரிந்தன. வந்த வழி அடைபட்டது!

உமையாள் வேறு வழி தேடினாள். சுற்றிச் சுற்றி நடந்தாள். மூலையில் ஒரு சுனை. பாறைக்கு அடியிலிருந்து நாவல் இலை ஒன்று மேலே மிதந்து வந்தது. வாடாத பச்சை இலை!

“வெளி பக்கத்துலதான் இருக்கு. முங்கிப் போகணும். எவ்வளவு தூரம்னு தெரியல. நகருங்க, நான் பாக்குறேன்.”

“இந்த வாட்டி நான்தான் முதல்ல. வெளியே போயிட்டா மூணு தடவை இழுக்கிறேன்.” அவளுடைய முதுகுப்பையிலிருந்த கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்துவிட்டான்.

மறுமுனையைப் பிடித்தபடி அவள் எண்ணினாள். இருபது. முப்பது. நாற்பது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது!

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால், சொட்டச் சொட்ட இருவரும் விசாரணை அறைக்குள் ஓடினார்கள். செப்பேட்டைப் பார்த்த கோட்டாட்சியர் விற்பனைக்குத் தடை போட்டார். வீரபத்திரர் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். வாசலில் ஊரே ஆரவாரித்தது.

எதிர்க்கடையில் இரண்டு டீ வந்தது. உமையாள் கை நீட்டுமுன் அவளுடைய டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான் சேது. துள்ளினான்.

“என்ன, விஷமா?”

“சூடு! ஊதிக் குடிங்க.”

அவள் டம்ளரைப் பார்த்தபடியே ஊதினாள்.

“நாளைக்கு அஞ்சாவது குகை. ஒரு டிரைவர் வேணும்.”