ஈரப் பஞ்சு

"இறங்கு, எச்சில் டாக்டர்!" பைக்கை நிறுத்திவிட்டு அண்ணன் சிரித்தான். "ஆறு வருஷம் படிச்சிட்டு, எச்சில் தொட்டுத் துடைக்கிறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீதான்."

"இந்தப் பழைய ஓவியத்தச் சுத்தம் பண்ணி முடிச்சா வேலை நிரந்தரம்டா. அப்போ பேசறேன் உன்கிட்ட." அவள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

அருங்காட்சியகமாக மாறிக்கொண்டிருந்த பழைய மாளிகை. வெளிச்சம் ஓவியங்களுக்கு ஆகாது என்று கூடத்து ஜன்னல்களெல்லாம் மூடிக் கிடந்தன. நடுப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. ஈரச் சுவரின் வாடை. அதற்கடியில் இன்னொன்று, வெகுநாள் திறக்காத வாயின் வாடை.

விளக்கைப் போட்டாள். சுவரில் ஆளுயரக் குடும்பப் படம். அப்பா, இரண்டு மகன்கள். மூவருக்கும் ஒரே கழுகு மூக்கு. வலது ஓரம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

பழைய அழுக்கை எடுப்பதில் மனித எச்சிலை மிஞ்சிய மருந்து அவள் தொழிலில் குறைவு. குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல உருட்டினாள். அழுக்கானதைப் போட்டுவிட்டு அடுத்தது. கறுப்பு கரைந்தது. ஒரு கன்னம். ஒரு கண்.

பிறகு, அதே மூக்கு.

ஒரு பெண். உதடுகள் மட்டும் காய்ந்து வெடித்திருந்தன.

"யாரும்மா உன்ன அதத் தொடச் சொன்னது?" பின்னால் காப்பாட்சியர்.

"அழுக்குன்னு நெனச்சேன் சார். கரைஞ்சப்புறந்தான் தெரிஞ்சது, வேணும்னே மறைச்சிருக்காங்க."

"சொத்துல பங்கு கேட்டவளாம். அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லன்னு வீட்டைக் கொடுத்த குடும்பம் சொல்லுது. நாளைக்குத் திறப்பு விழா. பழையபடி மறைச்சிடு."

"பொறக்காதவளுக்கு இந்த மூக்கு எப்படி சார் வந்தது?"

"மூக்கு ஆராய்ச்சிக்கா உன்ன வெச்சிருக்கேன்? வேலை நிரந்தரமாகணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா பொய்யப் பூச மாட்டேன்."

அவரே கறுப்பைக் குழைத்தார். நாலு இழுப்பில் முகம் போயிற்று. "இன்னியோட நீ கிளம்பலாம்!" அவர் வெளியேற, கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

காய்வதற்குள் துடைத்தாக வேண்டும். பஞ்சை வாயில் வைத்தாள்.

ஒரு சொட்டு இல்லை. ஆத்திரத்தில் நாக்கு மரக்கட்டையாகியிருந்தது.

காதருகே, 'ப்ச்'.

யாரோ உதட்டை நனைத்துக்கொள்ளும் சத்தம்.

"யாரு?"

கூடத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த வாடை மட்டும் கழுத்தை நெருங்கியது.

விரலிடுக்கில் பஞ்சு கனத்தது.

நனைந்திருந்தது. ஐஸாய்ச் சில்லிட்டது.

ஓடச் சொல்லிக் கால்கள் கெஞ்சின. அவள் நகரவில்லை. பஞ்சைப் படத்தில் வைத்து உருட்டினாள். கறுப்பு கழன்று வந்தது.

"இன்னொண்ணு குடு," என்றாள்.

பெட்டியில் அடுத்த பஞ்சு ஈரமாகவே இருந்தது. அதற்கடுத்ததும்.

முகம் முழுதாக வந்தபோது, வெடித்த உதடுகள் பளபளத்தன.

மறுநாள் காலை போன். காப்பாட்சியரின் குரல் வறண்டு கிடந்தது. "பூசப் பூசக் கரையுதும்மா! விருந்தாளிங்க வாசல்ல நிக்கறாங்க. என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் வீட்டுல இருக்கேன் சார். கதவத் திறந்து விடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"வேலை போச்சா?" வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டே அண்ணன் கேட்டான்.

"இது போச்சு. ஊருல வேற மியூசியமா இல்ல? வண்டிய எடு, கேட்டுட்டு வருவோம்."

கருவிப் பெட்டியைத் திறந்தாள். பிரிக்காத புதுப் பஞ்சுப் பொட்டலம். உள்ளே அத்தனையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

'ப்ச்.'

பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி, நீயும் வா."

"நான் வராம?" என்றான் அண்ணன் வாசலிலிருந்து. "வண்டிய யாரு ஓட்டுவா?"