திரைக்குக் கீழே பாதங்கள்

அஸர் தொழுகை முடிந்து ஸக்கரியா அந்த மவுத்து வீட்டுக்குள் நுழைந்தான். உக்குவளைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஊதுபத்தி வாசனை. அதற்கடியில் லேசாக, கருகிய மயிரின் நாற்றம்.

பக்கத்துத் தோட்டக்காரனான தான் துக்கம் விசாரிக்காவிட்டால் ஊர் சந்தேகப்படும். அதற்காகத்தான் வந்தான்.

"இரிங்க நானா, தேத்தண்ணி கொண்டாறேன்" என்று, இறந்துபோன அப்துல் ஸமதின் மச்சான் ரிஸ்வி உள்ளே போனான்.

எதிர்வாசலில் பச்சைத் திரை. ஸமதின் மனைவி ஜுனைதா, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருந்தாள்; அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. திரைக்குப் பின்னால் அவள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

ஸக்கரியாவுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. ஸமத் இறந்த அன்றிலிருந்தே அப்படித்தான். பன்றிக்கென்று மரவள்ளியைச் சுற்றி வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கம்பி கட்டியவன் அவன். விடியும்போது அதில் ஸமத் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்தவனும் அவன்தான். கத்தவில்லை. சுவிட்சை அணைத்தான், கம்பியைச் சுருட்டி ஓடையில் எறிந்தான், போய்ப் படுத்துக்கொண்டான்.

ஓடை அந்தக் கம்பியைக் கொண்டுபோய் கிஷாந்தின் வீட்டுக்குப் பின்னால் ஒதுக்கியது. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டும் கிஷாந்த் பன்றிக்குக் கண்ணி வைப்பவன் என்று ஊருக்கே தெரியும். மரவள்ளியிலும் அவன்தான் கம்பி கட்டியிருப்பான் என்று நேற்று போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. நாளைக்குக் கோர்ட்.

"நானா" என்றது திரை. "ஒங்களுக்கும் எங்கட மனுசனுக்கும் எல்லைச் சண்டை. பேச்சில்ல. தெரியும்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"அண்டைக்கு ராவு ஒங்கட மரவள்ளில பன்னி பூந்த சத்தம் கேட்டு எழும்பினாரு. பேசாமப் படுங்க, அந்தாளு ஸலாம்கூட சொல்றல்லன்னு சொன்னேன். 'மனுசன் பாடுபட்டு நட்டது, அது என்ன செஞ்சது'ன்னு டோர்ச்சத் தூக்கிட்டு ஓடினாரு."

மழை ஓட்டில் விழுந்தது.

"அவரு ஒங்களுக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா மனசார மன்னிச்சிருங்க நானா. அவருக்காகக் கேக்கிறேன்."

மரித்தவருக்காக வீட்டார் இப்படிக் கேட்பது வழமைதான். கொன்றவனிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மன்னிச்சிட்டேன்" என்றது வாய்.

அவள் எழுந்து போனாள். குசினிக்குள் அவள் குரல் கேட்டது: "ரிஸ்வி, சீனி போட்டியா?"

திரை அசைந்தது.

அவள்தான் அங்கே இல்லையே.

கீழே இரண்டு பாதங்கள். ஆணின் பாதங்கள். விரலிடுக்கெல்லாம் ஈரமண். வலது பெருவிரலிலிருந்து கணுக்கால்வரை கறுப்பாய் ஒரு கோடு.

கருகல் நாற்றம் மூக்கருகில் வந்தது.

"ஸக்கரியா..."

கிசுகிசுப்பு.

"நெசமாவே மன்னிச்சிட்டீங்களா?"

அந்தக் குரலில் கோபமில்லை. கழுத்தை நெரித்திருந்தால்கூட ஸக்கரியா வாயைத் திறந்திருக்கமாட்டான். இதைத்தான் தாங்க முடியவில்லை. மரத்துக் கிடந்த நெஞ்சுக்குள் எதுவோ ஊசியாய் இறங்கியது.

ரிஸ்வி தேத்தண்ணியோடு வந்தபோது திரைக்குக் கீழே ஈரம் மட்டும் இருந்தது.

"ரிஸ்வி, அந்தக் கம்பி என்ட. கிஷாந்துக்கு ஒண்டும் தெரியாது."

ரிஸ்வி கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு உள்ளேயிருந்து ஜுனைதாவின் குரல் வந்தது, ஈரமே இல்லாமல்.

"ரிஸ்வி, தேத்தண்ணியக் குடிக்கச் சொல்லு. பொறகு போலீசுக்குக் கூட்டிட்டுப் போ."

குடித்தான். இனிப்பு தெரியவில்லை.

போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதி முடிய இருட்டிவிட்டது. கூண்டிலிருந்து கிஷாந்த் வெளியே வந்தான். ஸக்கரியா தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் நானா" என்றான் கிஷாந்த். "ராவெல்லாம் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

"யாரு?"

கிஷாந்த் செருப்பை மாட்டிக்கொண்டு, காலியான கூண்டின் மூலையைப் பார்த்துத் தலையசைத்தான்.

"நான் போறேங்க. என்னையப் பாத்துக்கிட்ட மாதிரி இவரையும் பாத்துக்கங்க."

கான்ஸ்டபிள் ஸக்கரியாவை உள்ளே தள்ளிப் பூட்டினான்.

அதே கருகல் நாற்றம். மூலையில், சிமெண்டுத் தரையில், யாரோ நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கும் சத்தம்.