ஒரு சொட்டுத் தேத்தண்ணி

பிளாஸ்க்கைத் திறந்ததும் லதுஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஐஸ் இல்லை. குப்பென்று இஞ்சித் தேத்தண்ணி வாசம் வந்தது.

"ஐயையோ! ஐஸ் எங்க?" என்றான் கூட வந்த கீர்த்திகன்.

வேறெங்கே போகும்? காலையில் றில்வான் நானா கடையில் கெஞ்சி வாங்கி நிரப்பிய ஐஸ். இவள் தலை பின்னிய நேரத்தில், வேலைக்குக் கிளம்பிய அம்மா பிளாஸ்க்கைப் பார்த்திருப்பார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிளாஸ்க் என்றால் தேத்தண்ணிக்குத்தான். பிள்ளை விஞ்ஞானப் போட்டிக்குப் பதுளை வரை போகிறதே என்று, இருந்ததைக் கொட்டிவிட்டுச் சுடச்சுட ஊற்றிவிட்டார். குளிர் போய்விடும் என்று இவர்களும் வழியில் திறக்கவில்லை.

மேசையில் அட்டை விண்கலம் நின்றது. தூரத்து நட்சத்திரங்களின் எக்ஸ் கதிர்களைப் பிடிக்கும் விண்கலம். அதற்குள் மீக்கடத்தி என்ற குட்டித் தகடு இருக்கும். ஐஸே வெந்நீர் என்று சொல்லும்படியான குளிரில் வைத்தால், அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஒரே ஒரு கதிர் பட்டாலும் இம்மி சூடு ஏறி, மின்சாரம் தடுமாறும். அதை அளந்துதான் கதிரின் பலத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஏன் அவ்வளவு குளிர் வேண்டும் என்று ஐஸை வைத்துக் காட்ட இருந்தாள்.

நடுவர் செல்வநாயகி டீச்சர் மூன்று மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார். லதுஷாவும் கீர்த்திகனும் படிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து மாகாணப் போட்டிக்கு இதுவரை ஒருவரும் போனதில்லை.

"எல்லாம் உங்க அம்மாவால!"

"அம்மாவ ஒண்ணும் சொல்லாத. நம்ம பசிக்குத்தான ஊத்துனாங்க?"

கண்ணீர் முட்டியது. மூடியில் ஊற்றிய தேத்தண்ணி, மூடியைப் பிடித்துச் சூடேறியிருந்த கையிலும் மேசையிலும் சிந்தியது. துடைக்கும் துணியை நனைக்கக் குழாய்க்கு ஓடினாள். மார்கழித் தண்ணீரில் விரல் மரத்துப்போனது. திரும்பி வந்து மூடியை எடுத்தபோது, விரலில் ஒரு சொட்டு விழுந்தது.

சுரீர்!

அட! முன்பு அவ்வளவு சிந்தியும் சூடு தெரியவில்லையே!

"கீர்த்தி, வாளியில குழாய்த் தண்ணி கொண்டா! ஓடு!"

அவன் வாளியை வைக்கவும் டீச்சர் வரவும் சரியாக இருந்தது.

"என்ன பிள்ளை, தேத்தண்ணிக் கடையோ போட்டிருக்கிறீர்?"

"இல்ல டீச்சர். ஒரு கையத் தண்ணியில வைங்க. மத்தக் கையால இந்தச் சூட்டு மூடியப் பிடிங்க. கண்ண மூடிக்குங்க."

தேத்தண்ணி இதமாக ஆறிவிட்டதா என்று லதுஷா தன் கையில் முதலில் விட்டுப் பார்த்தாள். பிறகு மூடி பிடித்த விரலில் ஒரு சொட்டு விட்டாள்.

"ஈரம்தான் தெரியுது. சூடு தெரியேல்லை."

தண்ணீரிலிருந்து எடுத்த விரலில் இன்னொரு சொட்டு.

"ஆ! இது சுடுதே!"

"அதான் டீச்சர்! சூட்டுக் கைக்கு ஒரு சொட்டு தெரியாது, குளிர்ந்த கைக்குத்தான் தெரியும். ஒரே ஒரு கதிரக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தகட்ட அவ்வளவு குளிர வைக்கிறாங்க."

டீச்சர் பேனாவை எடுத்தார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கீர்த்திகன் நகம் கடித்தான்.

"மாகாணப் போட்டிக்கும் இதே தேத்தண்ணியைக் கொண்டு வாங்கோ," என்றார் கடைசியில்.

சாயங்காலம் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கியதும் இருவரும் ஓடிப்போய், தேத்தண்ணியால் ஜெயித்ததைச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"காலையில யாரோ வெளையாட்டுக்குப் பிளாஸ்க்குல ஐஸ நெரப்பி வச்சிருந்தாங்கடி. நல்ல வேள, நான் பாத்தேன்!"

கீர்த்திகன் வாயைத் திறந்தான். லதுஷா அவன் காலை மிதித்தாள்.

"ஆமாம்மா, நல்ல வேளதான்!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.