இனிக்கும் சுவர்

அன்று மத்தியானம் குடத்துத் தண்ணீர் இனித்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவள் குடத்தை மோந்து பார்த்தாள். உருகிய ஈயமும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த வழக்கமான வாடைதான், ஆனால் அது குடத்தில் மட்டுமா, தலையணையில், சேலையில், குழந்தையின் தலைமுடியில்கூட ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் வாடை.

பழைய கம்ப்யூட்டர் போர்டுகளை அடுப்பின் மேல் இரும்புத் தட்டில் வாட்டி, ஈயம் இளகியதும் சில்லுகளைப் பிடுங்கிப் போடுவது அவள் வேலை. அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அதே வேலைதான். மூட்டைகளை லாரியில் கொண்டுவந்து இறக்குபவன் அவள் புருஷன். காலையில்கூட அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"சிட்டு பேச்சே குறைஞ்சு போச்சுங்க. முன்னெல்லாம் வாய் ஓயாது. இப்ப அம்மான்னுகூட கூப்பிடறதில்ல."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். லாரியில பச்சை இலை படம் போட்டிருக்கே, பாக்கலயா? பழைய கம்ப்யூட்டரைப் பத்திரமா அழிச்சாச்சுன்னு, அதைப் போட்டவங்களுக்குக் கம்பெனி சர்ட்டிபிகேட்டே குடுக்குது."

சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

வெளியே மழை இருட்டு. அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... ஈரமான ஏதோ ஒன்று, சொரசொரப்பான எதன்மீதோ மெதுவாக உரசுவது போல. எலியாக இருக்கும் என்று காலால் தரையைத் தட்டினாள். எலி என்றால் ஓடியிருக்கும். இது நிற்கவில்லை.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒவ்வொன்றாக இழுத்தாள்.

சிட்டு.

சுவரில் முகத்தை அப்பிக்கொண்டு நின்றிருந்தாள். ஈயப்புகை படிந்து சாம்பல் நிறமாகிவிட்ட சுவரில், மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்கு, வெள்ளையாக ஒரு பட்டை. நக்கி நக்கி வெளுத்தது. ஒருநாள் வேலையில்லை அது.

குழந்தை திரும்பிச் சிரித்தது. ஈறு ஓரமெல்லாம் நீலக்கறுப்பாய் ஒரு கோடு.

"இனிக்குது."

மிச்சமிருந்த ஒரே சொல்.

அள்ளித் தூக்கினாள். வாயைக் கழுவக் குடத்துக்கு ஓடினாள். நின்றாள். அந்தத் தண்ணீரும் இனித்ததே. உதைத்துக் கவிழ்த்தாள். குழந்தையின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டில். அதற்கும் அடுத்த வீட்டில். வரிசை நெடுக, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். சர்ர்... சர்ர்...

ஈயம் ஏறிக் கறுத்துப்போன அவள் உள்ளங்கைக்குள், சூடாக, ஈரமாக, குழந்தையின் நாக்கு அசையத் தொடங்கியது.