பின்னால் யாரும் இல்லை!

"ஆ... ஆ... ஆ...!"

அலறல் ஹோட்டல் கட்டடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அதற்குச் சற்று முன்புதான் பருந்தின் கையிலிருந்த போன் திரை வெடுக்கென்று குலுங்கியது.

பருந்து என்றால் பறவை அல்ல. ஆள். ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுப்பது தொழில். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடும் ஆசாமிக்கு நண்பர்கள் குசும்பாக வைத்த பட்டப்பெயர் அது!

ஏரிக்கரைப் புல்வெளியில் நின்றிருந்தான். கையில் ரிமோட். அதில் சொருகிய போன். பெல்ட்டில் ஹோட்டல்காரர்கள் கொடுத்த வாக்கி டாக்கி.

எடுத்துக்கொண்டிருந்தது விளம்பரப் படத்தின் முதல் ஷாட். தண்ணீரை உரசினாற்போல் கிளம்பி, பின்னோக்கியே பறந்து, ஹோட்டல் மொட்டை மாடியைத் தாண்டி... ஏரி, சூரியன், ஹோட்டல் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்து உட்கார வேண்டும். பார்க்கிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட வேண்டும்!

ஒரு சிக்கல்.

ட்ரோனின் கேமரா முன்பக்கம் மட்டும்தான் பார்க்கும். பின்னால் எதுவும் குறுக்கிட்டால் நிறுத்துவதற்குச் சென்சார் உண்டு. அதை அவன்தான் அணைத்து வைத்திருந்தான். ஒரு இலை ஆடினாலும் அது சடன் பிரேக் போட்டு, வழுக்கிக்கொண்டு போகவேண்டிய ஷாட்டைக் கெடுத்துவிடும் என்பதால்!

ஆகவே பின்பக்கம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவை. பக்கத்துக் கட்டட மாடியில் வாக்கி டாக்கியோடு நின்று அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் ஹோட்டல் முதலாளியின் மாப்பிள்ளை. மானேஜரும் அவர்தான்.

அவர் குரல் கரகரத்துக்கொண்டேதான் இருந்தது. பருந்தின் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. திரையில் சூரியன் உருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது.

இப்போது அதே குரல் கதறியது.

"மாமா...! ஐயோ, மாமா...!"

ட்ரோன் தள்ளாடிக்கொண்டே திரும்பி வந்து இறங்கியது. சுழலும் இறக்கைகளில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது.

உடைந்த நுனியில்... சிவப்பு!

ஓடினான். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

ஜல்லிக் கற்கள் மேல் முதலாளி குப்புறக் கிடந்தார். காலைக் காற்று வாங்க மொட்டை மாடி விளிம்பில் வந்து நிற்பது அவர் வழக்கம் என்று பிற்பாடு சொன்னார்கள். இனிமேல் அவருக்கு எந்தக் காற்றும் தேவையில்லை.

மூச்சிரைக்க வந்த மாப்பிள்ளை பருந்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பாவி! என்னய்யா பண்ணிட்டே?"

"சார்... நான்... நான்..."

"நிறுத்து நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேனே! காது என்ன அடைச்சா போச்சு?"

"நிறுத்துன்னா சொன்னீங்க?"

"மூணு தடவை சொன்னேன்! நீ பாட்டுக்கு வந்து அவர் கழுத்துல இடிச்சே! அவர் தடுமாறி... ஐயோ..."

பருந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இன்னும் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"எழுந்திரு. உனக்குப் பொண்டாட்டி இருக்கா?"

"இருக்கா சார்."

"அவளுக்காகச் சொல்றேன். போனவர் திரும்பி வரப்போறதில்ல. நீ ஜெயிலுக்குப் போயி என்ன ஆகப்போவுது? கால் தவறி விழுந்துட்டாருன்னு நான் சொல்லிக்கறேன். ட்ரோன் பறக்கவே இல்ல. புரியுதா?"

"சார்... நீங்க தெய்வம் சார்..."

"அந்த வீடியோவை அழி. என் கண்ணு முன்னாடி அழி."

அழித்தான். மெமரி கார்டு மொத்தமும் சுத்தம். உடைந்த இறக்கையைக் கழற்றி ஏரியில் வீசிவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டினான். மாட்டும் அவசரத்தில் திருகாணி இரண்டு முறை புல்லுக்குள் விழுந்தது.

போலீஸ் வந்தது. பார்த்தது. கால் தவறி விழுந்தவர், காயம் ஜல்லி கிழித்தது என்று முடித்துக்கொண்டு போனது.

பருந்துக்கு முடியவில்லை.

வீட்டில் ஃபேன் ஓடினால் அவனுக்கு வியர்த்தது. எழுந்து போய் அணைத்தான். மனைவி போட்டாள். மறுபடி அணைத்தான்.

"ஏங்க, வெந்து சாகறேன் இங்க! ஃபேன் உங்களை என்ன பண்ணிச்சு?"

"சத்தம் போடுது."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே?"

மனைவிதான் அவனுக்கு எடிட்டர். இவன் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, வண்ணம் சேர்த்து, இசை சேர்த்து ஆளாக்குவது அவள். வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ.

"அந்த ஹோட்டல் ஷாட் என்னாச்சு?"

"கேன்சல்."

"கேன்சலா? விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போனீங்க?"

"கேன்சல்னா கேன்சல்! விடேன்!"

அவன் அவளிடம் எரிந்து விழுந்ததே கிடையாது. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நிறுத்து... நிறுத்து... நிறுத்து.

அந்தக் குரல் தனக்குக் கேட்டதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அவர் சொல்லவே இல்லை என்றும் அவனால் சொல்ல முடியவில்லை. இதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். 'கண்ணு வேலை செஞ்சா உங்களுக்குக் காது வேலை செய்யாது' என்று மனைவி எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

நான்தான் கொன்றேன். சென்சாரை அணைத்தது நான். விரலால் தள்ளியது நான். சொன்னதைக் கேட்காததும் நான். ஒரு அழகான ஷாட்டுக்காக ஒரு மனிதர்!

போன் அலறியது.

எடுத்தான். ஒரு பெண் குரல்.

"ட்ரோன் வீடியோ எடுக்கறவர்தானே? நான் ஹோட்டல் முதலாளியோட மகள் பேசறேன்."

"சொ... சொல்லுங்க மேடம்."

"அன்னிக்குக் காலைல நீங்க வந்திருந்தீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். பறக்கவே விடல."

"ஒண்ணுமேவா? எங்கேயாவது ஒரு ஓரத்துல... தூரத்துல... அப்பா நிக்கற மாதிரி?" குரல் உடைந்தது. "அப்பாவுக்கு போட்டோ எடுத்துக்கறதே பிடிக்காது. கடைசியா எடுத்தது என் கல்யாணத்துல. இப்ப ஃப்ரேம் போட நல்லதா ஒரு படம்கூட இல்லீங்க. அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வைத்துவிட்டாள்.

தப்பா எடுத்துக்காதீங்க! கொன்றவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்!

பருந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அடக்க மாட்டாமல், சின்னப் பையன் போல் அழுதான். மனைவி பின்னறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னங்க? என்னாச்சு?"

சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். குலுங்கிய திரை, சிவப்பு நுனி, கேட்காத மூன்று 'நிறுத்து', அழித்த வீடியோ...

அவள் முகம் வெளுத்தது. திட்டவில்லை. கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா!"

வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பருந்து வெளியே காத்திருந்தான். உள்ளே அழுகிறாளா? அம்மா வீட்டுக்கு போன் போடுகிறாளா? போட்டாலும் தகும்.

கதவு திறந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன.

"சட்டையை மாத்துங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்."

"நீயே... நீயே என்னைப் பிடிச்சுக் குடுக்கறியா?"

"நீங்களே சொல்லப் போறீங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம. நான் அந்த மகளுக்கும் போன் பண்ணிட்டேன். புருஷனோட வராங்க."

சரிதான் என்று நினைத்தான். சொல்லிவிட்டால் ஃபேனுக்கடியில் தூங்கலாம். அது சிறையாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்ஸ்பெக்டருக்குக் குறுந்தாடி. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பருந்து சொல்லி முடித்ததும் மகள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

"பறக்கவே விடலன்னு சொன்னீங்களே..."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"கால் தவறி விழுந்தாருன்னு எழுதிக் குடுத்தீங்களே சார்?"

மாப்பிள்ளையின் முகத்தில் கலவரம் எட்டிப் பார்த்தது. உடனே அதைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"என் தப்புதான் சார். ஏழை ஆள், குடும்பஸ்தன்... இரக்கப்பட்டு மறைச்சிட்டேன். இப்ப அவனே ஒத்துக்கறான். இவன்தான் இடிச்சான்."

"நீங்க எச்சரிக்கை பண்ணலையா?"

"பண்ணாம? நிறுத்து, நிறுத்துன்னு மூணு தடவை கத்தினேன்!"

பருந்தின் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"வேற எதுவும் சொல்லலையா சார்?"

"வேற என்ன சொல்லணும்?"

"நிறுத்துன்னு மட்டும்தான் சொன்னீங்க?"

"ஆமாம்மா! எத்தனை தடவை கேப்பே?"

"கடைசித் தடவை சார். இனிமே கேக்கல." அவள் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "கார்டுல இருந்ததை இவர் அழிச்சிட்டாரு. ஆனா ட்ரோன் ஆப் தானாவே ஒரு மங்கலான காப்பியை போன்லயும் போட்டு வைக்கும் சார். அழிச்ச இந்த மனுஷனுக்கு அது ஞாபகமே இல்ல."

மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"கேமரா ஏரியைத்தானே பாத்துச்சு? அதுல என்ன தெரியும்? ட்ரோன்ல மைக் கூட கிடையாது!"

"நல்லா விசாரிச்சு வச்சிருக்கீங்க. ட்ரோன்ல மைக் இல்ல. போன்ல இருக்கு." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "படத்தோட போன் மைக் சத்தமும் பதிவாகற செட்டிங்கை நான்தான் சார் ஆன் பண்ணி வச்சேன். இவருக்கே தெரியாது. ஒரே ஷாட்டைப் பத்து தடவை எடுப்பாரு. எது நல்லா வந்திச்சுன்னு கேட்டா தலையைச் சொறிவாரு. ஆனா எடுக்கும்போது நல்லா வந்தா, 'ஆங்... இதான்'னு தனக்குத்தானே முனகுவாரு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் எடிட் பண்றேன்."

போன் திரையைத் தொட்டாள்.

ஏரி. சூரியன். அதன் மேல் வாக்கி டாக்கியின் கரகரப்பு. மாப்பிள்ளையின் குரல், அச்சு அசலாக!

"சென்சாரை ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்." இது பருந்து.

"குட். வா... வா... பின்னால யாரும் இல்ல, தைரியமா வா. மாடி காலி. கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கீழே... ஆள் உயரத்துக்கு இறக்கு. ஷாட் நல்லாருக்கும். அப்படியே வா... இப்ப வேகமா... வேகமா வா!"

திரை குலுங்கியது.

அலறல்.

பிறகு ஒரு நீண்ட மூச்சு. வாக்கி டாக்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்த மனிதரின் மூச்சு. அதைத் தொடர்ந்து, மிக மெதுவாக...

"முடிஞ்சுது."

அதற்கும் அப்புறம்தான், "மாமா! ஐயோ, மாமா!"

பருந்து வாய் பிளந்து நின்றான். இத்தனை நாளாக அவன் தேடிய 'நிறுத்து' அதில் எங்குமே இல்லை! மனதில் ஏறாத அந்தக் குரலுக்கு அவன் விரல்கள் தாமாகவே கீழ்ப்படிந்திருந்தன.

"இது... இது என் குரல் இல்ல!" மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "யாரோ மிமிக்ரி பண்ணி..."

"உக்காருங்க!"

கத்தியது இன்ஸ்பெக்டர் அல்ல. மகள்.

"என் புருஷன் குரல் எனக்குத் தெரியாதா?" அவள் உதடு துடித்தது. "ஹோட்டல் பொறுப்பு முழுசையும் உங்ககிட்ட இருந்து எடுத்து எங்கிட்ட குடுக்கப் போறேன்னு அப்பா சொன்னாரு. உங்ககிட்ட மட்டும்தான் அதை நான் சொன்னேன். சொன்ன ராத்திரி, 'ரொம்ப சந்தோஷம்'னு சொன்னீங்களே... அதுவும் இதே குரல்தான்!"

மாப்பிள்ளை கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றிருந்தார்கள்.

"பிரமாதமான திட்டம்," என்றார் இன்ஸ்பெக்டர். "மாமனார் தப்பிச்சா, தெரியாம நடந்த விபத்து. செத்தா கால் தவறி விழுந்தாரு. குட்டு உடைஞ்சா ட்ரோன்காரன் தலையில. நீங்க எங்கேயோ பக்கத்து மாடியில, கையில ரத்தம் படாம! கூட்டிட்டுப் போங்கய்யா."

இழுத்துக்கொண்டு போனார்கள்.

பருந்து மகளின் எதிரில் போய் நின்றான். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏவினது அவரா இருக்கலாம் மேடம். விரல் என்னோடது. சென்சாரை அணைச்சதும் நான்தான்."

"ஆமா," என்றாள் அவள். ஆறுதல் சொல்லவில்லை. "அதுக்கு உங்களை என்னால இப்ப மன்னிக்க முடியல. ஆனா நீங்க இங்க வந்து சொல்லலன்னா, நான் இன்னிக்கும் அந்தாளுக்குக் காபி போட்டுக் குடுத்துட்டு இருந்திருப்பேன்."

எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று பருந்துக்குத் தெரியவில்லை. மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப உருகாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "சாட்சியத்தை அழிச்சதுக்கு உங்க மேலயும் ஒரு கேஸ் உண்டு. அந்த ஏரியில இறங்கி இறக்கையைத் தேடப்போறது என் ஆளுங்க!"

ரைட்டர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

"சார், கொலை ஆயுதம்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுதறது? ட்ரோனா, வாக்கி டாக்கியா?"

"ரெண்டும் இல்ல. 'வாய்'னு எழுதுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "அதை எப்படி சீல் வச்சு கோர்ட்டுக்கு அனுப்பறதுன்னுதான் யோசிக்கறேன்!"